இண்டு இடுக்கில் ஒரு கூலர்: என் 1932 ஃபோர்டும் கருகிய கியர்பாக்ஸும்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் கருகும் வாசனையை ஒருமுறை முகர்ந்துவிட்டால் மறக்காது. அடுப்பில் மறந்துபோன எண்ணெய்ச் சட்டியும் தேய்ந்த பிரேக் லைனிங்கும் சேர்ந்த மாதிரி ஒரு காட்டம். எனக்கு அது முதலில் மூக்கில் ஏறியது 2019 ஆகஸ்ட் மாதம், டெட்ராய்ட் பக்கத்தில் வுட்வர்ட் அவென்யூவில், ராயல் ஓக்கைத் தாண்டி வடக்கே ஊர்ந்துகொண்டிருந்தபோது. மூன்றாவது கியருக்கு ஏற வேண்டிய இடத்தில் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறியது, வண்டி ஏறவில்லை. ஒரு கடையின் பார்க்கிங்கில் ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் சைலன்சர் மேல் சிவப்பு ஆயில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது.

வுட்வர்ட் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாம் சனிக்கிழமை இங்கே பழைய வண்டிகளின் ஊர்வலம் நடக்கும். 1995இல் ஃபெர்ன்டேலில் பிள்ளைகளுக்குக் கால்பந்து மைதானம் அமைக்கப் பணம் திரட்டத் தொடங்கியது, இப்போது ஃபெர்ன்டேலிலிருந்து பான்டியாக் வரை 16 மைல் நீளத்துக்கு நம் ஊர்த் தேர்த் திருவிழாக் கூட்டம். நான் மிச்சிகன் வந்து பல வருடம் ஆகிறது, வேலையும் வாகனத் துறையில்தான், ஆனாலும் அந்தச் சாலையோரம் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் வருடம்தான் வண்டிகள் மேல் உண்மையான பித்துப் பிடித்தது. 2017இல் ஒருவர் பாதியில் விட்டிருந்த 1932 ஃபோர்டு கூப் ஒன்றை வாங்கினேன். புதிதாகச் செய்த சேஸிஸ், ஃபைபர்கிளாஸ் பாடி, செவர்லே 350 இன்ஜின், அதன் பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 என்ற நாலு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இப்படி 1948 வரை வந்த வண்டிகளின் உருவத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதிய இன்ஜின், கியர்பாக்ஸ் போட்டு ஓட்டுவதைத்தான் இங்கே வழக்கமாக ஸ்ட்ரீட் ராட் என்கிறார்கள்.

இந்த வண்டியில் இடம் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1932 ஃபோர்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம், 106 அங்குலம். அன்றைக்கு அதில் வந்த வி8 இன்ஜின் 65 குதிரைத்திறன், கூட இருந்தது மூன்று கியர் மேனுவல் கியர்பாக்ஸ். அந்தப் பெட்டியின் ஆயிலைத் தனியாகக் குளிர்விக்கும் தேவையே கிடையாது, அதனால் அதற்கு யாரும் இடம் விடவில்லை. அந்தச் சட்டத்துக்குள் அதைவிடப் பல மடங்கு சக்தியுள்ள இன்ஜின், நீளமான ஆட்டோமேட்டிக் பெட்டி, இரண்டு சைலன்சர், ஏசி, பேட்டரி எல்லாவற்றையும் திணித்த பிறகு கடைசியாக ஞாபகம் வருவது கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் இந்தக் கூலர். கடைசியாக ஞாபகம் வருவதாலேயே அதற்குக் கடைசியாக மிஞ்சிய இடம் கிடைக்கிறது. என் வண்டியில் முந்தைய ஆள் வைத்திருந்தது ஃபின் (சூட்டைக் காற்றில் விடும் மெல்லிய இதழ்கள்) போட்ட ஒரு அலுமினியக் குழாய், சுமார் ஒன்றரை அடி நீளம், சேஸிஸ் சட்டத்தின் உள்பக்கம், சைலன்சருக்கு நாலு விரல் தள்ளி. அதற்குப் போன ஹோஸ் பெட்ரோல் ஹோஸ். சூட்டில் அது குச்சி மாதிரி விறைத்துப்போய் கிளாம்ப் பக்கத்தில் வெடித்திருந்தது. சொட்டிய ஆயில் அங்கிருந்துதான் வந்தது. கியர்பாக்ஸ் ஆயில் எரியக்கூடியது, சூடான சைலன்சர் மேல் தொடர்ந்து விழுந்தால் தீப்பிடிக்கலாம். அன்று பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வண்டியில் தீயணைப்பான் இல்லாமல் அதற்குப் பிறகு நான் கிளம்பியதில்லை.

பெட்டியைக் கழற்றிய கடைக்காரர் ‘3-4 கிளட்ச்’, அதாவது மூன்றாவது, நாலாவது கியர்களைப் பிடிக்கும் கிளட்ச், அதன் பிளேட்டுகளைக் கையில் கொடுத்தார். லைனிங் இருந்த இடமெல்லாம் கறுத்து, ஸ்டீல் பிளேட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. 700ஆர்4இல் பெரும்பாலும் முதலில் போவது அந்த கிளட்ச்தான். "பெரிய கூலர் போடுங்க" என்றார், நானும் சரி என்று கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் உண்டு, நாற்பது வருடம் கியர்பாக்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கராஜில் வந்து உட்கார்ந்து பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சூடு எங்கேயிருந்து வருதுன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. இதைப் படிக்கிற நீங்களும் கூலர் வாங்கப் போகிறவராக இருந்தால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் பெட்டியில் சூட்டின் பெரும்பகுதி டார்க் கன்வர்ட்டரில் பிறக்கிறது. இன்ஜின் பக்கம் ஒரு விசிறி, பெட்டி பக்கம் ஒரு விசிறி, நடுவில் ஆயில். இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி ஆயிலில் சூடாகத்தான் இறங்கும். நெரிசலில் ஊர்ந்தால், மேடு ஏறினால் அந்த வித்தியாசம் கூடும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது இரண்டையும் இறுகப் பிடித்து ஒன்றாக்கத்தான் லாக்-அப் கிளட்ச் இருக்கிறது. 700ஆர்4இல் அதை இயக்குவது ஒரு சின்ன மின் சோலினாய்ட் (மின்காந்த வால்வு). அந்தப் பெட்டி பிறந்த வண்டியில் கம்ப்யூட்டர் அதற்குக் கரண்ட் கொடுக்கும், கார்புரேட்டர் போட்ட ஸ்ட்ரீட் ராடில் கம்ப்யூட்டர் கிடையாது. என் வண்டியில் அந்த ஒயர் வெறுமனே சுருட்டி டேப் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. அதாவது இரண்டு வருடம் நான் நெடுஞ்சாலையில் ஓட்டிய ஒவ்வொரு மைலும் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே ஓடியிருக்கிறது.

இன்னொன்று டிவி கேபிள். டெலிவிஷன் இல்லை, த்ராட்டில் வால்வ். கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒரு கேபிள். நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று அதுதான் பெட்டிக்குச் சொல்லும், அதைப் பொறுத்துத்தான் உள்ளே கிளட்சுகளை அழுத்தும் ஆயில் பிரஷர் ஏறும். கார்புரேட்டர் மாற்றும்போது அந்த லிங்க்கின் அளவு சரியில்லாமல் போனால் பிரஷர் குறையும், கிளட்ச் வழுக்கும், எரியும். எத்தனை பெரிய கூலர் வைத்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. பெரியவர் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தபோது என் கேபிள் அளவு தப்பாக இருந்தது தெரிந்தது. சரியான பிராக்கெட் வாங்கி மாட்டி, கேஜை வைத்துக்கொண்டே அளவு பிடித்தோம். லாக்-அப் ஒயரை பிரேக் ஸ்விட்ச் வழியாகவும், நாலாவது கியரில் மட்டும் வேலை செய்யும் ஒரு பிரஷர் ஸ்விட்ச் வழியாகவும் எடுத்தோம். பிரேக் ஸ்விட்ச் முக்கியம். மிதித்ததும் லாக்-அப் விடவில்லை என்றால் மேனுவல் வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் நிறுத்திய மாதிரி இன்ஜின் அணைந்துவிடும்.

இந்த இரண்டு வேலைக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு நல்ல கூலரின் விலைக்குக் கொஞ்சம் மேல். பலன் அதைவிடப் பெரியது. அதற்குப் பிறகும் கூலர் தேவைதான், சந்தேகமே இல்லை. டிரான்ஸ்மிஷன் பட்டறைகளில் காலம்காலமாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது: ஆயில் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 80 செல்சியஸ் அளவில் இருந்தால் நீண்ட ஆயுள், அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் (இனி வரும் சூட்டளவெல்லாம் ஃபாரன்ஹீட்தான்). 240ஐத் தொட்டால் உள்ளே வார்னிஷ் மாதிரி படிய ஆரம்பிக்கும், இன்னும் ஏறினால் ரப்பர் சீல்கள் விறைக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நல்லது, அந்தப் பக்கம் கெட்டது என்று எந்த அளவும் இல்லை, ஆனால் போக்கு அதுதான். என் வண்டியில் ஆயில் டெம்பரேச்சர் மீட்டரே இல்லை. முதல் வேலையாக ஆயில் பேனில், அதாவது பெட்டிக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டில், ஒரு சென்சார் போட்டேன். கூலருக்குப் போகும் லைனில் சென்சார் வைத்தால் கன்வர்ட்டரிலிருந்து வரும் உச்ச சூட்டைக் காட்டும், சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் முள் துள்ளிப் பயமுறுத்தும். பேனில் இருப்பதுதான் பெட்டி திரும்ப உறிஞ்சிக் குடிக்கும் ஆயில், நான் நம்புவது அதை.

சரி, இனி கூலர். கடையில் மூன்று வகை பார்க்கலாம். வளைத்து வளைத்துப் போன குழாயில் ஃபின் கோத்தது பழைய வகை, விலை குறைவு, அதே வேலைக்குப் பெரிய அளவு வேண்டும். தகடும் ஃபின்னும் மாறி மாறி வருவது நடுத்தரம். தட்டுகளை அடுக்கி உள்ளேயே ஆயிலைக் கலக்கிவிடும் அடுக்குத் தட்டு வகை குறைந்த இடத்தில் அதிக சூட்டை இறக்கும், ஆயில் ஓட்டத்தையும் அதிகம் தடுக்காது. இடம் இல்லாத வண்டிக்கு மூன்றாவதுதான், அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

எங்கே வைப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் போனது.

என் ரேடியேட்டரின் தொட்டிக்குள் டிரான்ஸ்மிஷன் கூலர் கிடையாது. சில ரேடியேட்டர்களில் பக்கத் தொட்டிக்குள்ளேயே ஒரு சின்னக் கூலர் இருக்கும், தண்ணீர் காற்றைவிட வேகமாகச் சூட்டை வாங்கும் என்பதால் அது நல்ல ஏற்பாடு, இடமும் தனியாக வேண்டாம். புதிதாக ரேடியேட்டர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: அதோடு சேர்ந்ததை வாங்குங்கள், பிறகு தேவைப்பட்டால் ஆயிலை முதலில் ரேடியேட்டருக்கும் அங்கிருந்து வெளிக் கூலருக்கும் விட்டுப் பெட்டிக்குத் திருப்பலாம். என்னிடம் இருந்ததோ நல்ல நிலையில் உள்ள, விலை அதிகமான ஒரு ரேடியேட்டர், அதை மாற்ற மனம் வரவில்லை. ஆக, காற்றில் குளிரும் கூலர் ஒன்றே வழி.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், ரேடியேட்டருக்கு முன்னால். ஓடும்போது நேரடிக் காற்று கிடைக்கும் இடம் வேறில்லை. ஆனால் 1932இன் கிரில் ரேடியேட்டரை ஒட்டி உட்காரும், நடுவில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் வேறு. ஒன்றரை அங்குலக் கனமுள்ள கூலரை வைத்ததும் கிரில் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது, பானெட்டின் விளிம்பு பின்னால் பொருந்தவில்லை. அதை எப்படியோ சரிக்கட்டி ஓட்டிப் பார்த்தால் கியர்பாக்ஸ் நன்றாகக் குளிர்ந்தது, இன்ஜின் சூடேறியது. வழக்கமாக 190இல் நிற்கும் தண்ணீர் முள் நெரிசலில் 215க்குப் போனது. கண்டென்சரைத் தாண்டி வந்த சூடான காற்று கூலரையும் தாண்டி இன்னும் சூடாகித்தான் ரேடியேட்டருக்குள் போகிறது, கிரில்லின் வாயும் சின்னது. ஒரு மாதத்தில் கழற்றினேன். கழற்றும்போது இன்னொன்றைப் பார்த்தேன். கூலரோடு கொடுத்திருந்த பிளாஸ்டிக் ஊசிகளை ஃபின் வழியாகக் குத்தித்தான் மாட்டியிருந்தேன். அந்த ஒரு மாத அதிர்விலேயே ஊசி உரசிய இடத்தில் ரேடியேட்டர் குழாயில் பளபளவென்று ஒரு தேய்மானம். ஒரு கோடை முழுக்க ஓட்டியிருந்தால் ரேடியேட்டர் ஓட்டையாகியிருக்கும். தயவுசெய்து அந்த ஊசிகளைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு பட்டைக் கம்பி வெட்டி, சட்டத்தில் பிராக்கெட் அடித்து, ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள், அரை நாள் வேலைதான்.

அடுத்து வண்டிக்கு அடியில். ஃபேனோடு சேர்ந்து வரும் சின்ன அடுக்குத் தட்டுக் கூலர் ஒன்று வாங்கினேன், மொத்தக் கனம் மூன்றரை அங்குலம். பயணி இருக்கைக்குக் கீழே, சட்டத்துக்கும் சைலன்சருக்கும் நடுவில் அளவெடுத்த மாதிரி ஒரு பெட்டி இடம். கச்சிதமாக உட்கார்ந்தது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டு வாசலில் நிறுத்தி டி-யில் போட்டு பிரேக் மிதித்தபடி இருபது நிமிடம் விட்டேன், பேன் மீட்டர் 230ஐத் தாண்டியது. ஃபேன் ஓடுகிறது, ஆயில் ஓடுகிறது, சூடு இறங்கவில்லை. பெரியவர் குப்புறப் படுத்து கூலருக்குள் போகும் காற்றில் ஒரு தெர்மாமீட்டரை நீட்டினார். 150 டிகிரி. வெளியே அன்று 85தான். சைலன்சரின் சூட்டை உறிஞ்சி ஃபேன் கூலருக்கு ஊதிக்கொண்டிருந்தது. கணக்கு எளிமையானது: ஆயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூலரின் பலம். 200 டிகிரி ஆயிலும் 85 டிகிரி காற்றும் என்றால் 115 டிகிரி வித்தியாசம். காற்று 150 ஆனால் மிஞ்சுவது 50. காசு கொடுத்து வாங்கிய கூலரில் பாதிக்கு மேல் வீண்.

அங்கேதான் எனக்குப் புத்தி மாறியது. அதுவரை நான் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது குளிர்ந்த காற்றை. அதற்குப் பிறகு டேப்பைக் கீழே வைத்துவிட்டு, வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, தெர்மாமீட்டரோடு அடியில் நுழைந்து ஒவ்வொரு சந்திலும் காற்றின் சூட்டை சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டே வந்தேன். பெட்டியின் பக்கத்தில் 140, 150. சைலன்சர் முடிந்து ஒரு அடி தள்ளி 110. பின் ஆக்ஸிலுக்கு முன்னால், புரொப்பல்லர் ஷாஃப்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில், டெயில்பைப் மேலே ஏறி அந்தப் பக்கம் போய்விடும் ஒரு மூலையில் 98. அங்கே கூலர் வைக்க யாருக்கும் முதலில் தோன்றாது, பெட்டியிலிருந்து தூரம், பார்க்கவும் இடம் கோணலாக இருக்கும். ஆனால் காற்று அங்கேதான் இருந்தது.

அட்டைப் பெட்டியை வெட்டி கூலர் அளவுக்கு ஒரு மாதிரி செய்து, அதை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, திருப்பி, சாய்த்து இரண்டு மாலை பார்த்தேன். கொஞ்சம் சாய்வாக வைத்தால் உட்கார்ந்தது. ஃபேன் மேலேயிருந்து உறிஞ்சிக் கீழே தள்ளுகிற மாதிரி வைத்தேன், மேலே தள்ளினால் சூடான காற்று தரைப்பலகையில் மோதி உள்ளே உட்கார்ந்திருப்பவரைச் சுடும். தரைப்பலகைக்கும் கூலருக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டிருக்கிறேன், காற்று உள்ளே வர அது வேண்டும். திசை மாற்றுவதற்காக ஃபேன் ஒயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் சுற்றுவது தலைகீழாகும், ஆனால் இறக்கையின் வளைவு பழைய திசைக்கே இருப்பதால் காற்று குறையும். இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட வேண்டும், அல்லது முதலிலேயே சரியான திசைக்கானதை வாங்க வேண்டும். சைலன்சர் பக்கம் ஒரு அலுமினியத் தகடு வெட்டித் தடுப்பு, கீழே கல் தெறிக்காமல் இருக்கக் கம்பி வலை. இடம் மூலைதான் என்றாலும் பின் டயர் கல்லை வாரி இறைக்கும் பாதையில் இல்லை என்று பார்த்துக்கொண்டேன்.

அங்கே நான் செய்த ஒரு பெரிய தப்பையும் சொல்லிவிடுகிறேன். எல்லா அளவும் எடுத்தது வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்திருந்தபோது. அப்போது ஆக்ஸில் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். முதல் நாள் ஓட்டத்தில் ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கியபோது அடியில் ஒரு அடி விழுந்தது. சஸ்பென்ஷனின் ஃபோர்-லிங்க் கம்பி மேலே வந்து ஃபேனின் பிளாஸ்டிக் வளையத்தை நசுக்கியிருந்தது. கூலருக்கு நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை. காயில்-ஓவர் ஷாக்குகளை (ஸ்பிரிங் சுற்றிய ஷாக் அப்சார்பர்களை) கழற்றிவிட்டு ஜாக்கியால் ஆக்ஸிலை முழுக்க மேலே தூக்கிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அப்படிச் செய்து பார்த்ததில் முக்கால் அங்குலம் நகர்த்தினாலே போதும் என்று தெரிந்தது. புரொப்பல்லர் ஷாஃப்டும் ஆக்ஸிலோடு ஏறும் என்பதையும் அதே சோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பைப் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். பெட்டியிலிருந்து பின்னால் வரை ஆறு அடி, போய் வர பன்னிரண்டு. முழுக்க ஹோஸிலேயே இழுத்துவிடலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் சட்டத்தின் உள்பக்கம் முழுக்க 3/8 அங்குல நிக்கல்-காப்பர் பைப் ஓட்டி, அசையும் இரண்டு முனையில் மட்டும் ஹோஸ் போட்டேன். இந்த பைப் கையால் வளைக்க இதமாக இருக்கும், துருவும் பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் நாளடைவில் இறுகி விரிசல் விடும். பைப்பை வளைப்பதற்கு முன்னால் ஒரு வெல்டிங் கம்பியை அந்தப் பாதையில் வளைத்து மாதிரி எடுத்துக்கொண்டேன், ஒரு அங்குலம்கூட வீணாகவில்லை. ஒன்றரை அடிக்கு ஒரு ரப்பர் வைத்த கிளிப். ஹோஸ் வாங்கும்போது டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கானது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெட்ரோல் ஹோஸ் போட்டதன் விளைவை மேலே சொன்னேன். கிளாம்ப் போட்டுச் செருகுவதாக இருந்தால் பைப்பின் முனையில் ஒரு புடைப்பு இருக்க வேண்டும், வழவழப்பான முனையில் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் நழுவும்.

ஃபிட்டிங்கில் ஒரு எச்சரிக்கை. பழைய அமெரிக்க பைப்களின் விரித்த வாய் 45 டிகிரி. ஏஎன் (ஆர்மி-நேவி தர) ஃபிட்டிங்குகளின் வாய் 37 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், இறுக்கினால் ஒழுகும், ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் நட்டு வெடிக்கும். நான் பெட்டியில் ஏஎன்-6 அடாப்டர் போட்டு அங்கிருந்து எல்லாவற்றையும் 37க்கே கொண்டுபோனேன். பெட்டியின் உடல் அலுமினிய வார்ப்பு, அதில் கூம்பு மரை உள்ள அடாப்டரை வெறித்தனமாக இறுக்கினால் வார்ப்பே விரிசல் விடும், பிறகு பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவில்லை, துண்டு பிய்ந்து உள்ளே போனால் வால்வில் சிக்கும் என்ற பயம். திரவ சீலன்ட் கொஞ்சம், அதுவும் முதல் இரண்டு மரையை விட்டுத் தள்ளி.

எந்தத் துளையிலிருந்து ஆயில் வெளியே வருகிறது, எதில் திரும்புகிறது என்பதை யூகிக்க வேண்டாம். என் பெட்டியில் கீழ்த்துளை வெளியே, மேல்துளை உள்ளே. உங்களுடையதில் ஒரு ஹோஸைக் கழற்றி வாளியில் விட்டு, சில விநாடி மட்டும் இன்ஜினை ஓடவிட்டால் தெரிந்துவிடும். அதே வாளியை வைத்து ஓட்டத்தையும் பார்த்துவிடலாம். கூலர் எல்லாம் மாட்டிய பிறகு பெட்டிக்குத் திரும்பும் லைனைக் கழற்றி வாளியில் விட்டு, ஐட்லிங்கில் 20 விநாடிக்கு ஏறக்குறைய ஒரு குவார்ட், அதாவது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் நல்ல ஓட்டம் என்பது பட்டறைகளின் பழக்கக் கணக்கு. பாதிதான் வருகிறது என்றால் எங்கோ அடைப்பு, அல்லது பைப் மடங்கியிருக்கிறது. இந்தச் சோதனையில் வெளியே போன ஆயிலை உடனே ஊற்றிவிடுங்கள். கியர்பாக்ஸ் எரிந்தோ உடைந்தோ போன வண்டியில் பழைய கூலரைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு கழுவினாலும் உள்ளே கிளட்ச் தூளும் இரும்புத் தூளும் ஒட்டிக்கொண்டிருக்கும், புதுப் பெட்டிக்கு அதுதான் முதல் சாப்பாடாகப் போகும். என் பழைய ஃபின் குழாயை நான் அறுத்துப் பார்த்தேன், கறுப்புச் சேறு.

ஒயரிங் சுருக்கமாக: ஃபேன் 7 ஆம்பியர் இழுக்கிறது, தொடக்கத்தில் அதைவிட அதிகம், எனவே ரிலே, 15 ஆம்பியர் ஃபியூஸ், கூலருக்குப் போகும் லைனில் 180 டிகிரியில் ஆன் ஆகும் தெர்மோ ஸ்விட்ச். டேஷ்போர்டில் ஒரு சின்ன பச்சை விளக்கும் வைத்திருக்கிறேன், ஃபேன் ஓடுகிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். பின்னால் இருக்கும் ஃபேனின் சத்தம் இந்த வண்டியின் இரைச்சலில் கேட்காது. கூலரின் வாய்கள் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தேங்கிக்கொள்ளலாம். ஆயில் அளவை இன்ஜின் ஓடும்போது, சூடான பிறகு, சமதரையில், பார்க் நிலையில் பாருங்கள். புதுக் கூலரும் நீண்ட பைப்பும் கூடுதல் ஆயில் குடிக்கும், எனக்கு முக்கால் குவார்ட் தேவைப்பட்டது.

2020இல் கொரோனாவால் வுட்வர்ட் ஊர்வலம் நடக்கவில்லை. ஒரு வகையில் எனக்கு அந்த இடைவெளி தேவைப்பட்டது, மேலே சொன்னதெல்லாம் ஏறக்குறைய இரண்டு வருட வேலை. 2021 ஆகஸ்டில் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினேன். நல்ல வெயில். ராயல் ஓக் வருவதற்குள்ளேயே வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. அவர் ரோட்டோரக் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, மீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். 170, 180, பச்சை விளக்கு எரிந்தது, 188, 192. அங்கே நின்றது. இரண்டு வருடம் முன்னால் நான் ஓரங்கட்டிய அதே பார்க்கிங்கைத் தாண்டும்போது 194. பர்மிங்காம் தாண்டிச் சாலை கொஞ்சம் திறந்துகொண்டதும் முள் மெல்ல இறங்கி 175 பக்கம் வந்தது, விளக்கு அணைந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பெட்டிக்கு நேர் கீழே நாலணா அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம். மேல் அடாப்டர். அதை ஸ்பேனரில் ஒரு கால் சுற்று இறுக்கினேன், மறுநாள் அட்டை காய்ந்திருந்தது. இப்போதும் ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்குப் பிறகும் அந்த அட்டையை விரித்துத்தான் வைக்கிறேன்.